சமைத்தால் ‘செஃப்’.. வீட்டில் சமைத்தால்? சமையல் ஷோக்கள் பெண்களை எப்படிக் காட்டுகின்றன?

ஓசூரை ஒட்டிய டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும்பாலான தொழிலாளர்கள் பெண்கள். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி பகுதியில் உள்ள ஓலா ஸ்கூட்டர் ஆலையை முழுக்க பெண்களே நடத்துவார்கள், 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை என 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள் பெருகிவிட்ட ஊர் இது. ஆனா, வீட்டு அடுப்படி யார் பொறுப்பு? டிவி சமையல் ஷோக்கள் இதில் என்ன சொல்கின்றன?

முன்பு எப்படி இருந்தது?

மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றோர் டிவியில் சமையல் குறிப்பு சொன்ன காலம் உண்டு. சமையலை ஒரு தொழிலாக நிமிர்த்தியவர்கள் அவர்கள். ஆனால், அந்த நிகழ்ச்சிகள் பேசியது பெரும்பாலும் ‘இல்லத்தரசிகளிடம்’தான்.

‘குக் வித் கோமாளி’ என்ன மாற்றியது?

2019 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கிய இந்த ஷோ, சமையலை காமெடியாக்கியது. இங்கே கோமாளிகளுக்கு சமைக்கத் தெரியாது. மணிமேகலை, சிவாங்கி போன்ற பெண்களும் அதில் அடக்கம். ‘பொண்ணா பொறந்தா சமைக்கத் தெரியணும்’ என்ற பேச்சை, உபதேசம் செய்யாமல் சிரிப்பாலேயே உடைத்தது இது. 4-வது சீசனில் சிவாங்கியே குக்காக வந்தார். அதாவது, சமையல் பிறவியில் வருவதல்ல, யாரும் கத்துக்கலாம். அந்த சீசனில் பட்டம் வென்றவர் மைம் கோபி. இந்த ஷோவின் முதல் ஆண் வெற்றியாளர் அவர்தான்.

அப்போ ஸ்டீரியோடைப் ஒழிந்துவிட்டதா?

இல்லை. முதல் 5 சீசன்களின் நடுவர்கள் செஃப் தாமு, வெங்கடேஷ் பட், மாதம்பட்டி ரங்கராஜ். மூவருமே ஆண்கள். அந்த 5 சீசன்களில் நான்கில் ஜெயித்தது பெண்கள். சமைத்து ஜெயிப்பது பெண், மார்க் போடுவது ஆண் என்ற வரிசை அப்படியே இருந்தது. ஆண் கோமாளிகள் பெண் வேடம் போட்டு சிரிக்க வைப்பதிலும் பழைய கேலியின் வாடை உண்டு. 2021-ல் சன் டிவியின் ‘மாஸ்டர்செஃப் தமிழ்’ நடுவர் குழுவில் ஆர்த்தி சம்பத் இருந்தார். பெண் நடுவர் சாத்தியம்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டு நிலவரம் என்ன?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு தினமும் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள் மட்டுமே. ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு இது இரண்டாவது ஷிஃப்ட்.

இதில் என்ன சிக்கல்?

டிவியில் ஆண் கரண்டி பிடிப்பது ஒரு டாஸ்க். நேரம் முடிந்தால் கைதட்டல், மறுநாள் பாத்திரம் கழுவும் வேலை இல்லை. வீட்டில் சமையல் என்பது காய் வாங்குவதில் தொடங்கி அடுப்பு துடைப்பதுவரை நீளும் வேலை. ஷோக்கள் இந்தப் பகுதியைக் காட்டுவதே இல்லை. ஆண்கள் சமைப்பதை சகஜமாக்கியது அவற்றின் வெற்றி. அதை தினசரிப் பொறுப்பாகக் காட்டாதது அவற்றின் குறை.