மறுதொடக்கம் என்னும் சாட்சி

வீட்டிலேயே ஒரு வழங்கியை நிறுவி, பழைய சிற்றிதழ்களின் மின்படிகளைக் காத்துவரும் இலக்கிய அன்பர்கள் சிலர் உண்டு. மெய்ப்புப் பார்ப்போர் வெளியூரிலிருந்தே எஸ்.எஸ்.எச். வழியாகப் புகுந்து பணிபுரிவர். மின்தடை வந்து போனபின் கணினி எழுந்துவிடும். கதவு மட்டும் திறவாது. 'மறுதொடக்கம் கெடுத்துவிட்டது' என்பர். இக்கூற்று நமக்கு உடன்பாடன்று. முன்பே இருந்த குறைக்கு மறுதொடக்கம் சாட்சி சொல்கிறது, அவ்வளவே.

கணினிக்கு நினைவு இருவகைத்து. ஓடும்வரை நிற்பது ஒன்று. வட்டில் எழுதப்பட்டது மற்றொன்று. கையால் தொடங்கிய சேவை, சேமிக்கப்படாத தீச்சுவர் விதி, கையால் இணைத்த வன்தட்டு ஆகியவை முதல்வகை. வாய்மொழிப் பாடல் ஏட்டில் ஏறாமல் பாடியவரோடு மறைவது போல, இவை மின்சாரத்தோடு மறைகின்றன.

ஆகவே முதற்கடமை, பிழைச்செய்தியைப் பாடமாகக் கொண்டு ஊன்றிப் படிப்பது. 'இணைப்பு மறுக்கப்பட்டது' எனில், பெரும்பாலும் கணினி விழித்திருக்கிறது. 22ஆம் துறையில் செவிமடுப்பார் இல்லை. துவக்கத்திலேயே எழும்படி அச்சேவையைப் பதிந்துவைத்தல் வேண்டும். 'நேரம் கடந்தது' எனில், திசைவி வேறு ஐபி முகவரி வழங்கியிருக்கலாம். தீச்சுவர் ஓசையின்றித் தடுத்திருக்கலாம். கணினியே முழுதாக எழாதிருக்கலாம். மறையாக்கம் செய்த வட்டு கடவுத்தொடருக்காகக் காத்துக் கிடக்கும். இணைப்புப் பட்டியலில் உள்ள புறவட்டு காணாதபோது லினக்ஸ் அவசரநிலையில் நின்றுவிடுவதும் உண்டு. அப்போது திரையும் விசைப்பலகையும் கொண்டு நேரில் பார்ப்பதே வழி. 'அனுமதி இல்லை' எனில், வாயிலை அடைந்தோம், ஆளை அறியவில்லை என்பது பொருள். பயனரின் இல்லக் கோப்புறை பூட்டப்பட்டிருந்தால் அதனுள் இருக்கும் பொதுத்திறவியை வழங்கியால் படிக்க இயலாது.

பதற்றத்தில் தீச்சுவரை அணைப்பதும், தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் வழி திறந்துவிடுவதும் சிலர் கையாளும் வைத்தியம். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதன் பின்னரே, 1995இல் தாத்து யுலோனென் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை வகுத்தார். காவலுக்கென்று பிறந்த கதவைக் காவலின்றித் திறந்துவைப்பது முறையாகுமா?

நாம் வேண்டுவது இரண்டு. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும், கணினியின் அருகில் இருக்கும்போதே மறுதொடக்கம் செய்து, வேறொரு கணினியிலிருந்து புகுந்து பார்த்தல். செய்த மாற்றத்தை நாளிட்டு, வழங்கிக்கு வெளியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல். வழங்கியைப் பேணுபவர் ஊரில் இல்லாத நாளில் இதழ்த்தொகுப்பைத் திறக்கப்போவது அக்குறிப்பேடுதான். ஒருவர் மனத்தில் மட்டும் தங்கிய அறிவும் சேமிக்கப்படாத விதி போன்றதே. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதுக.