சிகப்பழகு க்ரீமும் வெளிநாட்டுப் பெட்டியும்

திருவனந்தபுரம்: வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் ஒரு காலத்தில் டேப்ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் இருந்தன. இன்று அந்த இடத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் டப்பாக்களையும் காணலாம். விலை மலிவு, பத்தே நாளில் பலன் தெரிகிறது என்று பேச்சு. பலன் தெரிவது உண்மைதான். அது எதனால் தெரிகிறது என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 14 வயதுச் சிறுமி ஒருத்தி சிறுநீரகக் கோளாறுடன் வந்தாள். அதே சமயத்தில் அவளுடைய உறவினர் ஒருவரும் அதே நோயுடன் வந்தார். மருந்தா, உணவா, தண்ணீரா என்று டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்ததில், இருவரும் ஒரே க்ரீமைப் பூசி வந்தது தெரிந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கு வந்த 22 நோயாளிகளை டாக்டர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்னும் அபூர்வ வகைச் சிறுநீரக நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிகப்பழகு க்ரீம் பூசியவர்கள். சிறுநீரகவியல் சர்வதேச ஏடு ஒன்றில் இது வெளியானபின், நாடு முழுவதும் பேச்சாயிற்று.

குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் உற்பத்தியாவதை அது தடுத்துவிடுகிறது; அதனால் முகம் வெளுக்கிறது. தோலில் பூசியது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. வடிகட்டி பழுதாகி, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. கால் வீக்கம், முகம் உப்பல், சிறுநீரில் அடங்காத நுரை ஆகியவை இதன் அடையாளங்கள். ஆறுதலான விஷயம், க்ரீமை நிறுத்திய பெரும்பாலோருக்கு நோய் தணிந்திருக்கிறது என்பதே.

ஒரு சிறு கணக்கு

இந்தியச் சட்டப்படி, ஒரு கிலோ முகப்பூச்சில் கலப்படமாக வந்து சேரும் பாதரசம் 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைச் சோதனையைத் தொடங்கியது. எடுத்த மாதிரிகளில் சில லிப்ஸ்டிக்கிலும் ஃபேஸ் க்ரீமிலும் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாகச் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் 2025-ல் அறிவித்தார். அதாவது கிலோவுக்கு 12 கிராம். 20 கிராம் டப்பா ஒன்றில் ஏறக்குறைய கால் கிராம் பாதரசம்! இதைத்தான் நம் வீட்டுப் பெண்கள் இரவில் பூசிக்கொண்டு, பக்கத்தில் குழந்தையைப் போட்டுத் தூங்குகிறார்கள். பூசாதவருக்கும் ஆபத்து உண்டு. பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும்.

அரசு நடவடிக்கையில் 7 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு பிடிபட்டது. 33 நிறுவனங்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் 14 மாவட்டங்கள் கொண்ட மாநிலத்துக்கு 7 லட்சம் ரூபாய்ச் சரக்கு என்ன மூலைக்கு? கப்பலில் மொத்தமாக வந்தால் துறைமுகத்தில் மடக்கலாம். இதுவோ பெட்டிக்கு நாலைந்து டப்பாவாக வருகிறது. மச்சான் கொண்டுவந்தது, சித்தி மகள் கொடுத்தது என்று கை மாறுகிறது. தபாலிலும் வருகிறது. இதற்கு ரசீதும் இல்லை, கடையும் இல்லை.

உற்பத்தியாகும் இடத்திலேயே நிலைமை சரியில்லை. பாகிஸ்தானில் 59 வகை க்ரீம்களைச் சோதித்ததில் 3 மட்டுமே வரம்புக்குள் இருந்ததாக அந்நாட்டு அரசே 2019-ல் சொன்னது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருள் 2025-க்குப் பிறகு அறவே கூடாது என்று உறுப்பு நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் முடிவு செய்தன. முடிவு காகிதத்தில் இருக்கிறது. டப்பா பெட்டியில் வருகிறது.

இதில் நம்மவர்கள் பாடுதான் அதிகக் கவலைக்குரியது. குமரி, நெல்லைப் பக்கமிருந்து வந்து சாலைக் கடைத்தெருவிலும் நகரத்துத் துணிக்கடை, நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களுக்கு நிறம் என்பது வெறும் ஆசையல்ல. பெண் பார்க்க வருகிறவன் கேட்கிறான், மாமியார் கேட்கிறாள், சில இடங்களில் வேலை கொடுப்பவரும் கண்ணால் அளக்கிறார். கேட்பவர்களை விட்டுவிட்டுப் பூசுகிறவளை மட்டும் புத்தியில்லாதவள் என்பது நியாயமாகாது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, பாதி தீர்ந்த டப்பாவை எஜமானியம்மாள் அன்போடுதான் கொடுக்கிறாள்.

நகை படக் கூடாதாம்!

டப்பாவைப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். விற்பனைக்காக முறைப்படி இறக்குமதியான பொருளில் இறக்குமதிப் பதிவு எண், இறக்குமதியாளர் பெயர், விலாசம், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லையென்றால் தொட வேண்டாம். ‘மெர்க்குரி’, ‘காலமல்’ என்ற சொற்கள் பாதரசத்தைக் குறிப்பவை. தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் படக் கூடாது என்று அச்சிட்டிருந்தால் அதுவும் பாதரசத்துக்கு அடையாளமாகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நகைக்கு ஆகாததை முகத்துக்குப் பூசுவதா?

பாதரசம் இல்லாவிட்டாலும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் இருக்கலாம். அத்தகைய 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாதென மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது.

ஏற்கெனவே பூசி வருகிறவர்கள் உடனே நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதித்துக்கொள்வது நலம். செலவு சொற்பம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் பேரூர்க்கடை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும், மற்றவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கோட்டக்கல்லில் நோயின் காரணம் பிடிபட்டதே, பூசிய க்ரீமைப் பற்றி டாக்டர்கள் கேட்டறிந்த பிறகுதான்.