போனில் மருந்தை நிறுத்தச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவரிடம், பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு "அந்த மாத்திரை எல்லாம் விஷம், நிறுத்திடு"ன்னு போனில் சொல்வது அக்கறை இல்லை. ஆளைக் கிணற்றில் தள்ளுகிற வேலை. சொல்கிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி.

எங்கள் கோபாலபுரம் பக்கம் இது ஜரூராக நடக்கிறது. (சென்னை கோபாலபுரம் இல்லீங்க. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில் எல்லையில் இருக்கிற கோபாலபுரம்.) பணம் அனுப்புகிறவர் சொல்வதுதான் வீட்டில் சட்டம். என் சொந்தத்தில் ஒரு பையன், பைபோலார் நோய், லித்தியம் சாப்பிட்டுக்கொண்டு பத்து வருடம் தென்னந்தோப்பை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைகுடாவிலிருந்து அவன் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். மாத்திரை நின்றது. இரண்டே மாதத்தில் தூக்கம் போய், தோப்பை விற்க அட்வான்ஸ் வாங்கி, அதை வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரி. மாமா இப்போது அந்த வீடியோவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நான் டாக்டர் இல்லை. மருந்து ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைச் சரிபார்ப்பது இங்கே நியூ ஜெர்சியில் என் பிழைப்பு. ஆகவே மருந்து கம்பெனிகளின் லட்சணத்தை உங்களைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கிறவன். அந்தத் தைரியத்தில், நம்மாட்கள் அடிக்கடி எடுத்துவிடும் மூன்று வாதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

வாதம் 1: "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம். நம்மகிட்டே இல்லாத மருந்தா?"

இருந்ததே! சர்ப்பகந்தா வேரை நம்மவர்கள் காலங்காலமாகச் சித்தப்பிரமைக்குக் கொடுத்து வந்தார்கள். 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு பேர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார்கள். 1952ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. 1954ல் நியூ யார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் இருப்பதாகச் சொன்னார். பிறகு அது ஏன் காணாமல் போனது? அதைவிடச் சிறந்தது என்று நிரூபணமான மருந்துகள் வந்தன, ஒதுங்கிவிட்டது. யார் கண்டுபிடித்தார்கள் என்பது ஆய்வில் கேள்வியே இல்லை. வேலை செய்கிறதா, என்ன கெடுதல் செய்கிறது, இவை இரண்டுதான் கேள்வி.

லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், பித்து ஏறிய 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சாதாரண உப்பு. காப்புரிமை வாங்க முடியாது, அதனால் அதை விற்றுக் கோடீஸ்வரன் ஆனவன் எவனும் இல்லை. 2010ல் வெளியான பேலன்ஸ் ஆய்வில் 330 பைபோலார் நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, வால்ப்ரோயேட் மட்டும் எடுத்தவர்களைவிட லித்தியம் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. கம்பெனி வியாபாரம் என்று நீங்கள் திட்டுவதில் முதலிடத்தில் இருப்பது, எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் தராத மருந்து!

கம்பெனிகள் யோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. ஜிப்ரெக்சா மருந்தை அனுமதி இல்லாத நோய்களுக்கும் விற்கத் தூண்டியதற்காக எலை லில்லி 2009ல் 140 கோடி டாலருக்கு மேல் கட்டியது. ரிஸ்பெர்டால் முதலான மருந்துகளை விற்ற விதத்துக்காக ஜான்சன் அண்ட் ஜான்சன் 2013ல் 220 கோடி டாலருக்கு மேல் கட்டியது. ஆனால் கம்பெனியை மாட்டிவிட உதவுவதும் ஆய்வுதான். அமெரிக்க அரசின் காசில் நடந்து 2005ல் வெளியான கேட்டி ஆய்வில் மனச்சிதைவு நோயாளிகள் 1,493 பேர். பளபளவென்று வந்த புது மருந்துகளில் பெரும்பாலானவை, பெர்ஃபெனசின் என்ற பழைய மலிவு மாத்திரையை ஜெயிக்கவில்லை. ஒலான்சபைன் மட்டும் கொஞ்சம் அதிக நாள் தாக்குப்பிடித்தது, பதிலுக்கு எடையை ஏற்றிவிட்டது. எல்லா மருந்தையும் சேர்த்து 74% பேர் 18 மாதத்துக்குள் முதலில் ஆரம்பித்த மருந்தை விட்டுவிட்டார்கள். இதையும் மறைக்காமல் அச்சில் போட்டார்கள்.

வாதம் 2: "நம்ம ஊரில் குடும்பம்தான் மருந்து."

உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகளில், மனச்சிதைவு வந்தவர்கள் மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் நன்றாகத் தேறினார்கள் என்று வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் 90 பேரைச் சேர்த்து இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. அதில் பலர் நன்றாகத் தேறினார்கள், உண்மை. ஆனால் அவர்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். குடும்பமும் கூட இருந்தது, மருந்தும் இருந்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுவது என்ன நியாயம்?

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 65 ஆய்வுகளைச் சேர்த்து 2012ல் லான்செட்டில் வந்த தொகுப்பு: மனச்சிதைவு மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 27% பேருக்கு. போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64% பேருக்கு.

மருந்தில்லாமல் "குடும்பமும் நம்பிக்கையும்" கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று மறந்துவிட்டதா? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீப்பிடித்தபோது ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் குடும்பத்தார்தானே.

குடும்பமும் சமூகமும் உண்மையிலேயே உதவ வேண்டும் என்றால், அதையும் அளந்து பார்க்கலாம். பார்த்திருக்கிறார்கள். 2014ல் லான்செட்டில் வெளியான காப்சி ஆய்வு காஞ்சிபுரம், கோவா, சத்தாராவில் 282 பேரை வைத்து நடந்தது. காஞ்சிபுரத்தில் நடத்தியது, சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப். டாக்டர் வைத்தியத்தோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடு தேடிப் போய் உதவினார்கள். வெறும் ஆஸ்பத்திரி வைத்தியத்தைவிட ஓரளவு கூடுதல் பலன். அதிசயம் ஒன்றும் இல்லை, ஆனால் அளந்து பார்த்த பலன்.

வாதம் 3: "நம்ம சனங்களை எலியாக்கறாங்க."

இதில்தான் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். பித்து நோய்க்கு ரிஸ்பெரிடோன் வேலை செய்கிறதா என்று ஜான்சன் அண்ட் ஜான்சன் இந்தியாவில் 290 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2005ல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியானது. கடுமையான பித்தில் இருந்தவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூன்று வாரம் போலி மாத்திரை. லித்தியமும் ஹாலோபெரிடாலும் ஊரெங்கும் கிடைத்த காலம் அது. அடுத்த வருடமே இந்திய மருத்துவர்கள் அதே இதழில் கேள்வி கேட்டார்கள்: இவ்வளவு முற்றிய நோயாளிக்கு வெறும் மாவு மாத்திரையா? இந்த நிலையில் அவர் கொடுத்த சம்மதம் சம்மதமா? ஒப்புதல் வாங்கினோம், நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பது ஆய்வாளர்கள் தரப்பு. மருந்து போலியை ஜெயித்தது. ஆனால் நோயாளிக்குத் தேவையான கேள்வி, கையில் இருக்கிற மலிவு மருந்தைவிட இது மேலா என்பது. போலியோடு மட்டும் ஒப்பிட்டால் அதற்குப் பதில் கிடைக்காது.

கோபமா? எனக்கும்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு மருந்து "ஆய்வே வேண்டாம்" என்பது இல்லை. ஆய்வே நடக்காவிட்டால், அமெரிக்க உடம்புக்குப் பார்த்த அளவையே நம் ஆட்களுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நல்ல ஆய்வு வேண்டும், சட்டத்தை மதிக்கிற ஆய்வு வேண்டும் என்று சண்டை போடுங்கள். சட்டம் இருக்கிறது. 2017 மனநல மருத்துவச் சட்டம் ஆய்வுக்கு முழு விவரத்தோடு கூடிய சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க, அவர் எதிர்க்காவிட்டாலும் மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதே சட்டம் சங்கிலியையும் தடை செய்கிறது. 2019 விதிகளில் இழப்பீடு இருக்கிறது.

இங்கேதான் எங்கள் ஊர் விஷயம் வருகிறது. சம்மதப் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லையில் இருக்கும் நம்மாட்கள் வீட்டில் பேசுவது தமிழ், ஆஸ்பத்திரியில் காகிதம் மலையாளம், இல்லாவிட்டால் ஆங்கிலம். தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதை. காதில் கேட்கும் குரல் தமிழில் பேசுகிறது, கையெழுத்து மட்டும் வேறு மொழியிலா? கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்களுக்கு அரசோடு தமிழிலேயே கடிதம் எழுத உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பெயர்ப்பலகைக்குக் கேட்கிற அளவுக்கு ஆஸ்பத்திரிப் படிவத்துக்கும் கேட்கலாமே.

இன்னொன்று. ஆய்வு எப்போதும் மாத்திரைக்கு வக்காலத்து வாங்காது. ஆளுமைக் கோளாறுக்கு வாருங்கள். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள 276 பேருக்கு லாமோட்ரிஜினும் போலி மாத்திரையும் கொடுத்து ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2018ல் பிரிட்டனில் வெளிவந்தது. வித்தியாசமே இல்லை. அந்தக் கோளாறுக்கென்று தனியாக மருந்து கொடுக்காதீர்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009லேயே சொல்லிவிட்டது. அங்கே உதவுவது பேச்சு வழிச் சிகிச்சை. ஆகவே ஒருவருக்கு நான்கு மாத்திரை எழுதியிருந்தால் "ஒவ்வொன்றும் எதுக்குங்க?" என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் கடமை. கேட்பது வேறு, நீங்களாக நிறுத்துவது வேறு.

சரி, தூரத்தில் இருக்கிற நாம் என்ன செய்யலாம்?

1. மருந்தை நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டரின் பார்வையில், மெதுவாக. போனில் ஒருபோதும் இல்லை.
2. லித்தியம் எடுப்பவர் என்றால் ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைக்குப் பணம் அனுப்புங்கள். வெயில் காலத்தில் உடம்பில் தண்ணீர் வற்றினால் அதன் அளவு ஏறும், அது ஆபத்து. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.
3. ஒலான்சபைன் போன்றவை எடுப்பவர் என்றால் எடை, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.
4. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதியிருந்தால் டாக்டரிடம் உடனே பேசச் சொல்லுங்கள். கருவைப் பாதிக்கும். ஆனால் அவராகவே நிறுத்த வேண்டாம்.
5. யாராவது ஆய்வில் சேரச் சொன்னால், இந்திய ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன, போலி மாத்திரை உண்டா, நிலைமை மோசமானால் என்ன செய்வார்கள், இழப்பீடு யார் தருவார், படிவம் தமிழில் உண்டா என்று கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளைப் பதிவது கட்டாயம். பதிவேட்டை நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே பார்க்கலாம். வீடியோ தேடுகிற நேரத்தில் பாதி போதும்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92% பேருக்கு நம் நாட்டில் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சேர்ந்திருக்கிறது என்றால் அவர் சிறுபான்மை, அதிர்ஷ்டசாலி. அவர் கையில் இருக்கும் மாத்திரையைத் தட்டிவிட நீங்கள் யார், நான் யார்?

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. கோபம் மட்டும் சொந்தச் சரக்கு.