புத்தக ஜீனோவா, டிவி ஜீனோவா... எது பெஸ்ட்?

கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவில் சுஜாதா நாவல்களைத் தேடினால் 'என் இனிய இயந்திரா' கண்ணில் படாமல் போகாது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷன் சீரியலாகவும் ஆன கதை.

கதையில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். குழந்தை பெத்துக்கக்கூட அரசு அனுமதி வேணும். ஆட்சி செய்யும் ஜீவா நிஜ மனிதரே இல்லை, வெறும் பிம்பம் என்பதுதான் ட்விஸ்ட். இங்கே சீரியலுக்கு ஒரு பிளஸ்: மக்களை ஏமாற்றும் திரை பிம்பத்தை, ரசிகர்களும் வீட்டு டிவி திரையிலேயே பார்த்தார்கள்.

ஆனால், ரோபோ நாய் ஜீனோ? திரையில் அது செய்வதைத்தான் காட்ட முடியும். புத்தகத்தில் அது படிக்குது, கிண்டலடிக்குது. சொன்னதை மட்டும் செய்த மெஷின் மெல்ல மெல்ல சுயமா யோசிக்க ஆரம்பிக்குது. இந்த மாற்றம் கேமராவுக்குச் சிக்காது. அதனால புத்தகத்துக்கே ஓட்டு!

சரவணம்பட்டி ஐடி ஆபீஸ்களில் கோடிங் எழுதவே ஏஐ வந்தாச்சு. இப்போ தேவை அந்த யோசிக்கும் ஜீனோதான். நாளைக்கே ஓடிடியில் ரீமேக் எடுத்தால், கிராபிக்ஸுக்குக் கொட்டும் காசில் கொஞ்சம் வசனத்துக்கும் ஒதுக்குங்க. அதுவரைக்கும், 'மீண்டும் ஜீனோ'வையும் சேர்த்துப் படிச்சுடுங்க!