மேசை மேல் ஒரு ஆப்பிள்

"நெஜமான போட்டோகிராபர்னா மேக்லதான் வேல செய்வான்." தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் கேட்ட பேச்சு இது. சொன்னவர் கல்யாணப் படம் எடுக்கிறவர். பக்கத்தில் நின்ற காலனிப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனிடம் இருப்பது ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிக் கோத்த அசெம்பிள்ட் கம்ப்யூட்டர். மேலே மேக், நடுவில் கம்பெனி பெயர் போட்ட விண்டோஸ், கீழே அசெம்பிள்ட். பெட்டிக்குள்ளும் படிநிலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் மெக்கின்டாஷில் மட்டுந்தான் ஓடியது. விண்டோசுக்கு வர 1993 ஆயிற்று. அதற்குள் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் மேக்கில் ஊறிவிட்டார்கள். ஆனால் லைட்ரூம் 2007இல் முதல் பதிப்பிலேயே இரண்டுக்கும் வந்துவிட்டதே! 2020இல் வந்த எம்1 சிப்புக்குப் பிறகு மேக் மடிக்கணினி வேகத்திலும் பேட்டரியிலும் கெட்டி, அதை மறுப்பது வீம்பு. ஆனால் அதில் காசு சேர்ந்தபோது ராம் கூட்டிக்கொள்ள முடியாது. நம்ம பெட்டியை ஒரு ஸ்குரூ டிரைவரால் திறக்கலாம். முகூர்த்த நாளில் பவர் சப்ளை போனால் மின்சார ரயில் ஏறிப்போய் சாயங்காலத்துக்குள் வேறொன்று வாங்கி மாட்டலாம்.

நான் வங்கி குமாஸ்தா. முத்ரா கடன் கேட்டு ஒரு தம்பி வந்தான். கொட்டேஷனில் ஐமேக். "பாதி வெலைல முடியுமே தம்பி" என்றேன்.

"முடியும்ண்ணே. ஆனா பார்ட்டி உள்ள வந்ததும் மொதல்ல டேபிளத்தான் பாக்குது. அப்புறம், நீங்க எந்தப் பக்கம்னு கேக்குது. மேக் இருந்தா அந்த ரெண்டாவது கேள்வி வர்றதில்ல."

கோட்டு சூட்டோடு அம்பேத்கரைச் சேரி முனையில் நிறுத்தியிருக்கிற நாம், இவனிடம் ஆடம்பரம் என்று எந்த வாயால் சொல்வது? தவணையும் அவன்தான் கட்டவேண்டும். எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தக் கேள்வியை மேக் நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும்.

சண்டை போடவேண்டிய இடம் வேறு. 2009 வரை மேக்கின் திரைக் காமா 1.8, விண்டோசில் 2.2. ஒரே படம் அதில் சற்று வெளுத்தும் இதில் கறுத்தும் தெரியும். அந்த ஆண்டு ஸ்னோ லெப்பர்டு வந்ததும் மேக்கும் 2.2க்கு இறங்கிவிட்டது. எந்திரங்கள் சமாதானமாகிவிட்டன. மணப்பெண் முகத்தை கர்வ்ஸ் இழுத்து வெளுக்கிற வேலை மட்டும் இரண்டிலும் நடக்கிறது. பிலிம் காலத்தில் கோடாக் லேபுகளுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோல். கார்டு போய்விட்டது, அளவுகோல் நம்மாட்கள் கையில் இருக்கிறது. முகம் ரோஸ், கை கறுப்பு. இப்படி எத்தனை ஆல்பம்!

டீக்கடையில் தலைகுனிந்த அந்தப் பையன் செய்த ஆல்பம் ஒன்றைப் போன வாரம் புரட்டினேன். பெண்ணின் முகமும் கையும் ஒரே நிறத்தில், அவள் நிறத்தில், இருந்தன. பெண் வீட்டார் நம்ம சனம்தான். வெளுத்துத் தந்தால்தான் பாக்கி என்று எட்டாயிரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.