சறுக்கு மேல் நின்று ஒரு கேள்வி

நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் பிள்ளைகள் கையில் நோட்டு, பேனாவைத் திணிக்கும் பெற்றோர் உண்டு. வேண்டாமே, பாவம்! பாடம் தண்ணீரிலேயே கிடக்கிறது. 20 மீட்டர் உயரச் சறுக்கில் உராய்வே இல்லையென்றால் அடியில் வேகம் மணிக்குச் சுமார் 71 கி.மீ.; அப்பாவின் தொப்பைக்கும் மகளின் ஒல்லி உடம்புக்கும் ஒரே கணக்குதான். பிறகு ஏன் நிஜத்தில் வேகம் குறைகிறது? அதை அவளே யோசிக்கட்டும். பூங்கா மேட்டுப்பாளையம் பக்கம் என்றால், நீலகிரியில் பிறந்து கேரளம் போய்த் திரும்பும் பவானி ஆற்றையும் காட்டலாம். வேதியியல் தானாக மூக்கில் ஏறும். குளத்தின் அந்த நெடி வெறும் குளோரின் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின். ஆகவே, குளத்தில் இறங்குமுன் பெரியவர்களும் ஒருமுறை குளித்துவிடுங்கள்.