அகஸ்டஸுக்கு ஏன் வயசே ஆகலை?

ரோமாபுரியின் முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் கி.பி. 14-ல் செத்துப்போனப்ப அவருக்கு வயசு 75. அந்தக் காலத்துக்கு நல்ல கிழம். அவரோட சிலைகள் மட்டும் இருநூறு வாக்கில் கிடைச்சிருக்கு. ஒண்ணுலயாவது ஒரு கிழவன் முகம் இருக்கணுமா இல்லையா? ஊஹூம். எல்லாத்துலயும் அதே இளவட்டம்தான். தெளிவான நெற்றி, அமைதியான கண்ணு, மூடின வாய்.

அவர் போய் ஒரு நூறு வருஷம் கழிச்சு ஸ்யூடோனியஸ்னு ஒருத்தர் பன்னிரண்டு சீசர்களோட கதையை எழுதினார். மனுஷன் அகஸ்டஸோட பல்லைக்கூட விட்டு வைக்கலை. சின்னச் சின்னப் பல்லாம், நடுவுல சந்தாம், சரியான கவனிப்பும் கிடையாதாம். சிலைக்கு ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்பப் புரியுதா? :-)

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். அகஸ்டஸுக்கு முந்தின தலைமுறை ரோமானியப் பெரிய மனுஷங்க, சிலை வச்சா சுருக்கம், சொட்டை, தொங்குற தாடை எல்லாத்தோடயும்தான் வச்சுக்கிட்டாங்க. 'நான் நாலும் பார்த்தவன், என்னை நம்பலாம்'னு அந்தச் சுருக்கம் சொல்லும். குடியரசுக்கு ஏத்த முகம் அது. ஜூலியஸ் சீசர் கி.மு. 44-ல், உயிரோட இருக்கும்போதே ரோமானியக் காசுல தன் முகத்தைப் போட்டார். அதுவரைக்கும் ரோம்ல எவனும் செய்யாத காரியம். அதே வருஷம் மார்ச்ல கத்திக்குத்து. அவர் தத்துப் பிள்ளை அகஸ்டஸ் இதிலிருந்து 'முகத்தைக் காட்டாதே'ன்னு பாடம் படிக்கலை. 'முகத்தைக் காட்டு, ஆனா பார்த்தா பயம் வராத மாதிரி காட்டு'ன்னு படிச்சார். குடியரசை ஒழிச்ச ஆளோட முகம் வரலாற்றிலேயே ரொம்ப சாதுவான முகமா இருக்குறது தற்செயல்னு நான் நம்பத் தயாரா இல்லை.

நம்ம தொழில் பாஷையில சொன்னா அது ஒரு டெம்ப்ளேட். ரோம்ல மாதிரி செஞ்சு, எல்லைப்புறம் வரைக்கும் நகல் எடுத்திருக்காங்க. ஆராய்ச்சியாளர்கள் ஒரு தலையை அகஸ்டஸ்னு அடையாளம் காண்றதே நெத்தியில விழுற முடியை வச்சுத்தான். ஒரு இடத்துல கவட்டை மாதிரி பிரியும், பக்கத்துலயே இடுக்கி மாதிரி வளைஞ்சு சேரும். ஸ்பெயின்ல கிடைச்சாலும் துருக்கியில கிடைச்சாலும் இதைத்தான் முதல்ல தேடுவாங்க. முடி ஒத்துப்போனா ஆள் அகஸ்டஸ். மூக்கு எப்படி இருந்தா என்ன!

அந்த டெம்ப்ளேட்டோட உச்சம், 1863-ல் ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாங்கிற இடத்துல, அவர் பொண்டாட்டி லிவியாவோட மாளிகையைத் தோண்டினப்ப கிடைச்ச பளிங்குச் சிலை. இப்போ வத்திக்கான் அருங்காட்சியகத்துல இருக்கு. இரண்டு மீட்டருக்கு மேல உயரம். மேல தளபதி கவசம், கீழ வெறுங்கால். வெறுங்கால்னா சாமி, இல்லேன்னா புராண வீரன்னு பார்க்குறவனுக்குப் புரியும். கால் பக்கத்துல டால்ஃபின் மேல மன்மதக் குழந்தை. வீனஸ் தேவி எங்க குலத்துப் பாட்டின்னு அர்த்தம். கவசத்து நடுவுல ஒரு பார்த்தியன், ரோமானியர்கிட்ட பிடுங்கின படைக்கொடியைத் திருப்பிக் கொடுக்கிறான். உண்மையில கி.மு. 20-ல் அது போர் நடத்தி வாங்கினது இல்லை, பேச்சுவார்த்தையில வந்தது. கவசத்துல ஏறினதும் வெற்றி ஆயிடுச்சு!

'இதெல்லாம் கலைப்பா, ரசிச்சுட்டுப் போ, இதுல எதுக்கு அரசியல் பார்க்கிறே'ன்னு நண்பன் ஒருத்தன் எப்பவும் சொல்லுவான். எனக்கு அது ஒத்துவரலை. இது அரசியலுக்குன்னே பொறந்த கலை. அதைச் சரியா விமர்சனம் பண்ணினவங்க சூடான்ல இருந்தாங்க. கி.மு. 25 வாக்கில் குஷ் நாட்டுப் படை ரோமானிய எகிப்துக்குள்ள புகுந்து அடிச்சப்ப, ஒரு அகஸ்டஸ் சிலையோட வெண்கலத் தலையைக் கொண்டுபோய் மெரோயில ஒரு கோயில் வாசப்படிக்கு அடியில புதைச்சுட்டாங்க. வர்றவன் போறவன் எல்லாம் சக்கரவர்த்தி தலை மேல மிதிச்சுட்டுத்தான் போகணும். 1910-ல் தோண்டி எடுத்து, இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. வேடிக்கை என்னன்னா, மண்ணுக்குள்ள கிடந்ததாலேயே கண்ணுல பதிச்ச கண்ணாடியும் கல்லும் அப்படியே தப்பிச்சது. மிதிச்சவங்கதான் காப்பாத்தியும் கொடுத்திருக்காங்க.

நம்ம பக்கமும் கொஞ்சம் நடந்திருக்கு. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில 501 ரோமானியத் தங்கக் காசு ஒரே புதையலா கிடைச்சது. அதுல பெரும்பாலானதுல, சரியா சக்கரவர்த்தி முகத்து மேல உளியால ஒரு வெட்டு. இனிமே இது நாணயமா செல்லாது, வெறும் தங்கம்தான்னு அடையாளம் போட்டதா நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க. கோபமெல்லாம் இல்லை, வியாபாரம். எனக்கு அதுதான் இன்னும் பிடிச்சிருக்கு. 'உன் முகம் இங்கே செல்லாது, உன் தங்கம் செல்லும்.'

சரி, பின்னாடி வந்தவங்க கதைக்கு வருவோம். ரோம்ல குதிரை மேல உட்கார்ந்த மார்கஸ் அரேலியஸ் வெண்கலச் சிலை ஒண்ணு இருக்கு. அந்த மாதிரி எத்தனையோ வெண்கலச் சிலைகளை இடைக்காலத்துல உருக்கிட்டாங்க. இது தப்பிச்சதுக்குக் காரணம், முதல் கிறிஸ்தவச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன்னு ஜனங்க இதைத் தப்பா நினைச்சுக்கிட்டதுதான். அடையாளக் குழப்பத்துல பிழைச்ச இந்தச் சிலை 1538-ல் கேப்பிட்டோலைன் குன்றுக்கு வந்தது, மைக்கேல் ஆஞ்சலோ அதைச் சுத்தி ஒரு சதுக்கத்தையே வடிவமைச்சார். அப்புறம் ஐரோப்பாவுல ராஜான்னா குதிரை மேல இப்படித்தான் உட்காரணும்னு ஆகிப்போச்சு.

அந்தச் சிலையில அங்கவடி கிடையாது. ஏன்னா ரோமானியர்கிட்ட அங்கவடியே கிடையாது, அவங்களுக்குத் தெரியாத பொருள் அது. இப்போ சென்னைக்கு வாங்க. தீவுத்திடல் பக்கத்துல, 1839-ல் நிறுத்தின தாமஸ் மன்றோ சிலை. சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துட்டார்னு ஊரே கதை சொல்லும். அவர் பேரு பிரான்சிஸ் சாண்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல இருக்கிற நாலாம் ஜார்ஜ் சிலையும் அவர் செஞ்சதுதான், அதுலயும் சேணம், அங்கவடி கிடையாது. லண்டன்லயே ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னாடி நிக்கிற வெல்லிங்டன் சிலையும் அப்படித்தான். ஒரு தடவைன்னா மறதி, மூணு தடவையும்னா? அது பழங்கால பாணி. பழைய கோடுல ஏதோ ஒரு காரணத்துக்காக இல்லாம போன ஒரு வரியை, காரணம் தெரியாமலே பயபக்தியோட இல்லாமலே வச்சிருப்போமே, அதே கதை. ரோமானியனுக்கு இல்லாமை, சாண்ட்ரி காலத்துல கம்பீரம்!

எல்லாருக்கும் இந்த வேஷம் பொருந்திடலை. நெப்போலியனை கனோவாங்கிற மகா சிற்பி மூன்றரை மீட்டர் உயரத்துக்குப் போர்க்கடவுள் மார்ஸா, பிறந்த மேனியா செதுக்கினார். 1811-ல் பாரிசுக்கு வந்ததைப் பார்த்துட்டு நெப்போலியனே வேண்டாம்னுட்டார். வாட்டர்லூவுக்கு அப்புறம் பிரிட்டிஷ் அரசாங்கம் அதை வாங்கி, தோற்கடிச்ச வெல்லிங்டனுக்கே பரிசா கொடுத்தது. இன்னைக்கும் அவர் லண்டன் வீட்டு மாடிப்படி பக்கத்துலதான் நிக்குது. சிரிப்பா இருக்குல்ல?

முசோலினி விஷயத்துல சிரிப்பு வராது. 1937-ல் அகஸ்டஸோட ரெண்டாயிரமாவது பிறந்தநாள்னு ரோம்ல பிரம்மாண்டமா ஒரு கண்காட்சி. அடுத்த வருஷம் ரோம் வந்த ஹிட்லரும் போய்ப் பார்த்தார். பழைய ரோம் நடுவுல, இருந்த வீடுகளை இடிச்சுட்டு ராணுவ அணிவகுப்புக்குத் தோதா ஒரு அகலமான ரோடு போட்டு, ஓரமா சீசர், அகஸ்டஸ், நெர்வா, டிராஜன்னு வெண்கலச் சிலைகள் வச்சாங்க. அதுல அகஸ்டஸ் நம்ம பிரிமா போர்ட்டா சிலையோட நகல்தான். அதே சாது முகம், அதே வெறுங்கால். சிலைகள் இன்னமும் அங்கேயே நிக்குது. அழகான முகம்கிறதாலதான் அது யாருக்கு வேணும்னாலும் உழைச்சுட்டே இருக்கு. நீரோ மாதிரி கொழுத்த முகத்தை எவனும் இப்படி வரிசையில நிறுத்த மாட்டான்.

பாரிஸ்ல வாண்டோம் தூண்னு ஒண்ணு. டிராஜன் தூணைப் பார்த்து நெப்போலியன் 1810-ல் முடிச்சது. உச்சியில ரோமானிய உடையில அவர். 1814-ல் ஆட்சி போனதும் சிலையை இறக்கினாங்க. 1833-ல் லூயி பிலிப் ராஜா மறுபடி நெப்போலியனை ஏத்தினார், இந்தத் தடவை சாதா ராணுவக் கோட்டுல. கொஞ்சம் மனுஷத்தனமான வெர்ஷன். 1863-ல் தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் கோட்டுக்காரரை இறக்கிட்டு, திரும்ப ரோமானிய உடைக்காரரை ஏத்தினார். சக்கரவர்த்தி நாற்காலிக்கு வந்தவனுக்குக் கோட்டு பத்தாதே.

1871 மே மாசம் பாரிஸ் கம்யூன்காரங்க தூணையே கயிறு கட்டி இழுத்துச் சாய்ச்சாங்க. அதைப் பிரிச்சுடணும்னு முந்தின வருஷமே எழுதிக் கொடுத்திருந்த ஓவியர் கூர்பே தலையில பழி விழுந்தது. அரசாங்கம் தூணைத் திரும்ப நிறுத்திட்டு, செலவு 3,23,091 பிராங்க்னு அவர்கிட்ட பில்லை நீட்டிச்சு. வருஷத்துக்குப் பத்தாயிரம், 33 வருஷத் தவணை. அதுக்கு முன்னாடியே சுவிட்சர்லாந்துக்கு ஓடிப்போயிருந்த மனுஷன், முதல் தவணை கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், 1877 டிசம்பர் 31-ல், 58 வயசுல செத்துப்போனார். தூண் மேல நெப்போலியன் இன்னமும் ரோமானிய உடையிலதான் நிக்கிறார்.